வானத்தை அளந்த பெண்: அன்னா மாணி

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்பிள்ளை சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்துவிட்டால் அயலட்டை கேட்கும் கேள்வி ஒன்றுதான். பயோவா, மற்ஸா? பயோ என்றால் டொக்டர். மற்ஸ் என்றால் எஞ்சினியர். இரண்டு பிரிவுக்கும் பொதுவாக நிற்பது பௌதிகவியல். இரண்டு பிரிவிலும் பிள்ளைகளை அதிகம் அழவைப்பதும் அதுவே. ஆனாலும் நாம் அதனைக் கடந்து போகவேண்டிய ஒரு பாலமாகத்தான் பார்க்கிறோமே தவிர, அந்தப் பாடத்திலேயே தங்கி வாழ ஒருத்தி விரும்பக்கூடும் என்று எண்ணுவதில்லை. இஸற் புள்ளி சற்றுக் குறைந்து, பொறியியலுக்குப் பதிலாக விஞ்ஞான பீடத்தில் பௌதிக விஞ்ஞானம் கிடைத்த பிள்ளையின் வீட்டுக்குச் செத்தவீட்டுக்குப் போவதுபோலப் போய் ஆறுதல் சொல்லி வருகிறோம். அந்தப் பிள்ளையும் தான் தோற்றுவிட்டதாகவே நம்பத் தொடங்குகிறாள்.

மருத்துவராகப் பணிபுரியும் நான் எமது கல்லூரியின் நூற்றாண்டு மலருக்கு மருத்துவக் கட்டுரை ஒன்று எழுதுவேன் என்று தோழிகள் எதிர்பார்த்திருக்கலாம். மருத்துவம் பற்றி எழுத எம்மில் பலர் இருக்கிறோம். பௌதிகவியல் படித்தால் என்ன ஆகலாம் என்று சொல்லத்தான் ஆள் குறைவு. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்பித்தபடியே வானியல் ஆராய்ந்த அலன் ஏபிரகாம், கொழும்பில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த ஏ. டபிள்யூ. மயில்வாகனம் என்று பெருமைப்பட எமக்குப் பெயர்கள் உண்டு. ஆனால் உடனே நினைவுக்கு வருபவர்கள் ஆண்களே. ஆகவே பாக்குநீரிணைக்கு அப்பால், எமது அகலக்கோட்டிலேயே பிறந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பீர்மேட்டுச் சிறுமி

அன்னா மாணி 1918 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23 ஆம் திகதி திருவிதாங்கூர் சமஸ்தானத்து மலைநாடான பீர்மேட்டில் பிறந்தார். பீர்மேடும் யாழ்ப்பாணமும் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பதரைப் பாகையில் இருக்கின்றன. அவர் பின்னாளில் அளந்த சூரியனும் எமது பனங்கூடலுக்கு மேலே எழும் சூரியனும் ஒரே பாதையில் செல்பவை.

தகப்பனார் பொறியியலாளர். ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். எட்டுப் பிள்ளைகளில் அன்னா ஏழாவது. ஐந்து ஆண், மூன்று பெண். வசதியான குடும்பங்களின் வழக்கப்படி ஆண்பிள்ளைகள் உத்தியோகத்துக்கும் பெண்பிள்ளைகள் கலியாணத்துக்கும் என்று வளர்க்கப்பட்டார்கள். எட்டாவது பிறந்தநாளில் பெண்பிள்ளைக்கு வைரத்தோடு போடுவது அந்த வீட்டு வழக்கம். அன்னா தோடு வேண்டாம் என்றாள். அதற்குப் பதிலாகப் பிரித்தானியக் கலைக்களஞ்சியத் தொகுதிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த வயதுக்குள் ஊர் நூலகத்தில் இருந்த மலையாள நூல்களில் பெரும்பாலானவற்றை அவள் வாசித்து முடித்திருந்தாள்.

அவளுடைய பிள்ளைப் பருவத்தில்தான் வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்தது. 1925 இல் காந்தியடிகள் வைக்கம் வந்தார். அந்தக் காலத்தின் தாக்கத்தில் அன்னா கதர் உடுக்கத் தொடங்கி, பிற்காலம்வரை அதனைக் கைவிடாதிருந்தார். பின்னாளில் வெளிநாட்டுக் கருவிகளைத் தன் நாட்டிலேயே செய்யவேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதற்கு வித்து இங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

சென்னையும் பெங்களூரும்

அவருடைய முதல் ஆசை பௌதிகவியல் அல்ல, மருத்துவம் என்று முதுமையில் அவரோடு உரையாடி எழுதியவர் பதிவு செய்திருக்கிறார். அது கைகூடவில்லை. நன்றாக வந்த பாடம் பௌதிகவியல் என்பதால் அதனை எடுத்தார். எமது வீடுகளில் நடக்கும் அதே கதைதான். வேறுபாடு, எடுத்த பாடத்தை அவர் இரண்டாந்தரமாக ஒருபோதும் நடத்தவில்லை என்பதுதான்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல்தான் தோன்றியது. அதற்கு முன் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலரும் பட்டப்படிப்புக்குச் சென்னைக்குப் போனார்கள். அதே சென்னையில், மாநிலக் கல்லூரியில் படித்து, 1939 இல் பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் சிறப்புப் பட்டம் பெற்றார் அன்னா மாணி. அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் கிடைத்து, பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவகத்தில், நோபல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமனின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார்.

இராமனிடம் ஏறத்தாழ முந்நூறு வைரங்கள் இருந்தன. எட்டு வயதில் வைரத்தை மறுத்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதில் வைரம் படிப்பாக வந்து சேர்ந்தது. வைரத்தின்மீது ஒளியைப் பாய்ச்சினால் சில வைரங்கள் தம்பாட்டில் மங்கலாக ஒளிரும். அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படத்தகட்டில் பதித்தால், பளிங்கின் உள்ளே அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன, எங்கே பழுது இருக்கிறது என்பதை ஊகிக்கலாம். ஒளியோ மிகவும் மங்கல். ஒரு தகடு பதிவதற்குப் பதினைந்து, இருபது மணித்தியாலங்கள் பிடிக்கும். அன்னா பல இரவுகளை ஆய்வுகூடத்திலேயே கழித்தார். ஆண் மாணவரும் பெண் மாணவரும் கலந்து பேசுவதை இராமன் விரும்பாதவர். ஆகவே தேநீர் வேளையில் நண்பர்களோடு ஒரு சிக்கலை விவாதித்துத் தீர்க்கும் வாய்ப்புக்கூடப் பெண்களுக்கு மிகக் குறைவு. ஒரு பெண் கருவியைக் கையாள்வதில் சிறு பிழை விட்டாலும் அது பெண்களால் முடியாது என்பதற்கு அத்தாட்சியாகப் பேசப்பட்ட காலம் அது.

அப்படியிருந்தும் 1942 க்கும் 1945 க்கும் இடையில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வு பற்றித் தனியொருவராக ஐந்து ஆய்வுக்கட்டுரைகளை அவர் வெளியிட்டார். 1945 ஓகஸ்டில் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். அவரிடம் முதுமாணிப் பட்டம் இல்லை என்று சொல்லிப் பல்கலைக்கழகம் பட்டத்தை மறுத்துவிட்டது. சிறப்புப் பட்டமும் புலமைப்பரிசிலும் ஐந்து கட்டுரைகளும் ஒரு கடதாசிக்கு ஈடாகவில்லை. அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூரில் இராமன் ஆய்வு நிறுவகத்தின் நூலகத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒரு கணம் நிற்கவேண்டும். இராப்பகலாக உழைத்த உழைப்புக்கு மேலே ஒருவர் கோடு கீறிவிட்டால் மனிதர் என்ன செய்வார்? சிலர் ஒடிந்துபோவார்கள். சிலர் வாழ்நாள் முழுவதும் அதனைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அன்னா மாணி அந்தக் குறையைத் தூக்கிக்கொண்டு திரியவில்லை. பட்டம் இல்லாததால் தன் வாழ்க்கையில் எதுவும் குறைந்துவிடவில்லை என்பதே கடைசிவரை அவருடைய நிலைப்பாடு. மூன்றாம் முறையும் உயர்தரம் எழுதிவிட்டு நினைத்தது கிடைக்காமல் நிற்கும் எமது பிள்ளைகளுக்கு இதைவிடப் பயன்படக்கூடிய செய்தி வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

கருவிகளின் பக்கம்

அதே 1945 இல் அரசாங்கப் புலமைப்பரிசிலோடு, போர்வீரரை ஏற்றிச்செல்லும் கப்பலில் அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பௌதிக ஆராய்ச்சியைத் தொடர்வதே எண்ணம். அங்கே கிடைத்ததோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி மட்டுமே. இரண்டாவது முறையும் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. கிடைத்ததை முழுமனதோடு கற்றார்.

1948 இல், சுதந்திரம் பெற்ற நாட்டுக்குத் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் திணைக்களத்தின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். அப்போது மழைமானி, வெப்பமானி போன்ற எளிய கருவிகள்கூடப் பெருமளவில் பிறநாட்டிலிருந்தே வந்தன. ஏறத்தாழ நூறு வகைக் கருவிகளுக்குத் தரப்படுத்திய வரைபடங்களைத் தயாரித்து, அவற்றை நாட்டிலேயே செய்யும் வேலையை அவர் முன்னெடுத்தார். 1953 அளவில் அந்தப் பிரிவுக்கே தலைவரானார். அவருக்குக் கீழே 121 ஆண்கள் வேலை செய்தார்கள்.

தரப்படுத்துதல் என்றால் என்ன என்பதை ஒரு மருத்துவராக நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். விடுதியில் இருக்கும் இரத்த அழுத்தமானிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு காட்டினால் எந்த நோயாளிக்கு மருந்து கூட்டுவது, எவருக்குக் குறைப்பது? கருவி இல்லாவிட்டால் நாம் கவனமாக இருப்போம். பிழையான கருவியோ எம்மைத் துணிவோடு தவறு செய்யவைக்கும். வானிலையும் அப்படித்தான். ஒரு நிலையத்து வெப்பமானி அரைப் பாகை கூட்டிக் காட்டினால் இன்னொரு நிலையத்தோடு அதனை ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாவிட்டால் புயல் எங்கே திரும்பும் என்று சொல்லவும் முடியாது. பிழையான அளவை விட அளக்காமலே இருப்பது மேல் என்பது அன்னா மாணியின் உறுதியான கொள்கை. தன் கையால் சரிபார்க்காத கருவியை வெளியே போகவிடாதவர் என்று அவருக்குப் பெயர்.

இல்லாத இடத்தில் செய்துகொள்ளும் அந்த மனப்போக்கு எமக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் படித்த எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் ஜாம் போத்தல் விளக்குத் தெரியும். சிறிது மண்ணெண்ணெயில் நெடுநேரம் எரியும்படி பஞ்சையும் திரியையும் அளந்து வைத்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். மின்காந்தத் தூண்டலைப் புத்தகத்தில் படிக்க முன்னரே எங்கள் கைகள் அதனைப் படித்துவிட்டன. அதுவும் பௌதிகவியல்தான் என்று எமக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

சூரியன், காற்று, ஓசோன்

1957-58 இல் சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டு வந்தபோது, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வலையமைப்பை அன்னா மாணி இந்தியாவெங்கும் உருவாக்கினார். கதிர்வீச்சுமானி பார்வைக்கு எளிமையானது. கண்ணாடிக் குமிழுக்குள் கறுத்த மேற்பரப்பு ஒன்று வெயிலில் சூடாகும். அந்தச் சூட்டின் வேறுபாடு மிகச் சிறிய மின்னழுத்தமாக மாறும். அதனை அளந்தால் அந்த இடத்தில் ஒரு சதுர மீற்றருக்கு எவ்வளவு சூரிய சக்தி விழுகிறது என்று தெரியும். எளிமையானதுதான். ஆனால் வெயிலிலும் மழையிலும் தூசியிலும் ஆண்டுக்கணக்காக ஒரேமாதிரி அளக்கவேண்டும் என்பதில்தான் சிரமம் எல்லாம் இருக்கிறது.

அறுபதுகளில், பலூனில் கட்டி மேலே அனுப்பி ஓசோனை அளக்கும் கருவியை அவருடைய குழு உருவாக்கியது. அக்காலத்தில் அத்தகைய கருவியைத் தாமே செய்த நாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஓசோன் படையில் ஓட்டை என்று உலகம் அலறியது எண்பதுகளில். அதற்கு இரண்டு தசாப்தங்களுக்கு முன்பே அவர் அதனை அளந்துகொண்டிருந்தார்.

1963 இல் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின்படி, திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா ஏவுதளத்தில் வானிலை அவதானிப்பு நிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் நிறுவினார். அன்றைய சிறிய ரொக்கெற்றுகள் புறப்பட்ட பின்னர் திசை திருத்த முடியாதவை. தரையை அண்டிய காற்று எவ்வளவு வேகத்தில் எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்தால்தான் ஏவும் கோணத்தைச் சரிசெய்யலாம். இந்தியாவின் விண்வெளிப் பயணம் அவருடைய காற்றுமானிகளின் துணையோடுதான் தொடங்கியது.

1969 இல் திணைக்களத்தின் துணைத் தலைமை இயக்குநராகப் பதவி உயர்ந்து டில்லிக்குச் சென்றார். 1976 இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். இராமன் ஆய்வு நிறுவகத்தில் மூன்று ஆண்டுகள் வருகைப் பேராசிரியராக இருந்தார். 1980 இலும் 1981 இலும் இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி இரண்டு பெருநூல்களை வெளியிட்டார். இடம் வாரியாக, மாதம் வாரியாக எண்கள் நிறைந்த நூல்கள் அவை. கதைபோல வாசிக்க முடியாது. ஆனால் சூரிய மின்னுற்பத்தியைத் திட்டமிட்ட பொறியியலாளருக்கு அவை கைநூல்களாகின. பின்னர் எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் பெருந்திட்டத்தை வழிநடத்தினார். பெங்களூரில் காற்றையும் வெயிலையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றையும் நடத்தினார்.

1987 இல் இந்திய தேசிய விஞ்ஞானக் கழகம் கே. ஆர். இராமநாதன் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அவர் திருமணம் செய்யவில்லை. இயற்கையும் மலையேற்றமும் இசையும் நூல்களும் அவருக்குத் துணையாயின. 1994 இல் பாரிசவாதம் தாக்கி நடமாட்டம் இழந்தார். 2001 ஓகஸ்ட் 16 ஆம் திகதி, எண்பத்து மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், திருவனந்தபுரத்தில் காலமானார். கலாநிதிப் பட்டம் பெறாத அந்தப் பெண்ணின் நூற்றாண்டை 2018 இல் உலக வானிலை நிறுவனம் நினைவுகூர்ந்தது.

எமது பிள்ளைகளுக்கு இதில் என்ன?

சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் வைத்தவர்கள் எமது முன்னோர். எந்தக் காற்றில் வலை வீசலாம், எந்தக் காற்றில் பட்டம் ஏற்றலாம் என்று அவர்களுக்குத் தெரியும். அன்னா மாணி போன்றவர்கள் அந்தக் காற்றுக்கு எண் கொடுத்தார்கள். எண் கிடைத்த பின்னர்தான் அதில் மின்சாரம் எடுக்கலாம். ஏ-9 வீதியால் வரும்போது பளையில் சுழலும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். மன்னாரிலும் நிற்கின்றன. எமது கூரைகளில் சோலார் தகடுகள் பெருகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் காற்றையும் வெயிலையும் அளந்து கணக்கிட்ட ஒருவர் இருக்கிறார். அவர் எமது கல்லூரிப் பிள்ளையாக ஏன் இருக்கக்கூடாது?

2008 இல் நிஷா புயல் வந்து குடாநாடு வெள்ளத்தில் நின்றதை மறந்திருக்கமாட்டோம். அத்தகைய மழையை முன்கூட்டிச் சொல்வது வளிமண்டலவியல் திணைக்களத்தின் வேலை. அந்த வேலைக்குப் பௌதிகவியலும் கணிதமும் தெரிந்த பட்டதாரிகள் வேண்டும்.

என் சொந்தத் துறைக்கு வருகிறேன். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு உறவினரை அழைத்துச் சென்றவர்கள் இந்த மலரை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். கதிர்ச் சிகிச்சையில் வைத்தியர் எங்கே, எவ்வளவு கதிர் வேண்டும் என்று தீர்மானிப்பார். அந்த அளவு கட்டிக்குள் சரியாகச் சென்று, பக்கத்து உறுப்புகளைத் தொடாமல் இருக்கக் கணக்கிட்டு, இயந்திரத்தைச் சோதித்து உறுதிசெய்பவர் மருத்துவப் பௌதிகவியலாளர். நோயாளி அவரை அறியமாட்டார். ஆனால் அவர் கணக்குப் பிழைத்தால் எந்த வைத்தியராலும் நோயாளியைக் காப்பாற்ற முடியாது. எக்ஸ் கதிர், ஸ்கான், எம்.ஆர்.ஐ. என்று நாங்கள் நோயை அறியப் பயன்படுத்தும் கருவிகள் எல்லாம் பௌதிகவியலாளரின் ஆய்வுகூடத்தில் பிறந்தவைதாம். மருத்துவம் கிடைக்கவில்லை என்று அழும் பிள்ளைகளுக்கு வைத்தியசாலைக்குள் வர இப்படியும் ஒரு வாசல் உண்டு.

இவற்றோடு முடியவில்லை. 1974 இல் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கிய எமது பல்கலைக்கழகத்திலேயே பௌதிகவியல் துறை இருக்கிறது. அங்கே படித்தவர்கள் ஆசிரியராகலாம். அணுசக்திச் சபையிலும் அளவீட்டு நியமங்களைக் காக்கும் திணைக்களத்திலும் சேரலாம். இலத்திரனியல், கணினி மென்பொருள், காப்புறுதிக் கணக்கு, நிலத்தடி நீர் ஆய்வு என்று பிரிந்து போகலாம். குடாநாட்டு மக்கள் சுண்ணாம்புக்கல்லின் கீழ் உள்ள நன்னீரை நம்பி வாழ்பவர்கள். அந்த நீர் எவ்வளவு ஆழத்தில், எங்கே உவராகிறது என்பதை மின்தடையை அளந்து அறிவதும் பௌதிகவியலின் ஒரு கிளை. கல்வியைத் தொடர விரும்புபவர்களுக்குப் பிறநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உதவிப்பணத்தோடு ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பும் உண்டு.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பட்டம் முடித்த அன்றே கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குவதுபோலப் பௌதிகவியல் படித்தவளின் தொழில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சில ஆண்டுகள் பொறுக்கவேண்டும். மேற்படிப்பு ஒன்றும் பெரும்பாலும் தேவைப்படும். அந்த ஆண்டுகளில் பிள்ளையைக் கலியாணச் சந்தையின் கணக்கில் நிறுக்காமல் இருப்பதே நாம் செய்யக்கூடிய பேருதவி.

பழைய மாணவிகளிடம் இரண்டு வேண்டுகோள்

ரொறன்ரோ, இலண்டன், சிட்னி, சென்னை, கொழும்பு என்று பரந்திருக்கும் சகோதரிகளில் பௌதிகவியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் இருப்பீர்கள். ஊருக்கு வரும்போது கல்லூரிக்கு வந்து உயர்தர மாணவிகளோடு ஒரு மணித்தியாலம் பேசுங்கள். உங்கள் வேலைநாள் எப்படி விடிகிறது, எப்படி முடிகிறது என்று சொன்னாலே போதும். தன் ஊர்க்காரி ஒருத்தி அந்த வேலையைச் செய்கிறாள் என்று கண்ணால் கண்ட பிள்ளைக்கு வேறு அறிவுரை தேவையில்லை.

இரண்டாவது, கல்லூரியின் இரண்டாவது நூற்றாண்டை ஒரு சிறிய வானிலை நிலையத்தோடு தொடங்குவோம். ஒரு மழைமானி, வெப்பமானிகள் வைக்கும் வெள்ளைப் பெட்டி, ஒரு காற்றுமானி. கட்டடம் தேவையில்லை, செலவும் பெரிதல்ல. விளையாட்டு மைதானத்தின் ஒரு மூலை போதும். தினமும் காலையில் இரண்டு பிள்ளைகள் போய் அளவெடுத்து ஒரு கொப்பியில் எழுதவேண்டும். விடுமுறையிலும் எழுதவேண்டும், மாரியிலும் எழுதவேண்டும். பிழையாக எழுதுவதைவிட வெறுமையாக விடவேண்டும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். பத்து ஆண்டுகளில் அந்தக் கொப்பிகள் எமது ஊரின் மழையைப் பற்றிப் பேசும். கொப்பி எழுதிய பிள்ளைகளில் ஒருத்தியாவது அந்தப் பாலத்தைக் கடந்து போகாமல் அங்கேயே தங்க விரும்பினால், கொடுத்த பணம் வீண்போகவில்லை என்று நாம் எல்லோரும் நிறைவடையலாம்.

நூறு ஆண்டுகளாகப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த எமது அன்னை இன்னும் பல நூற்றாண்டுகள் தழைக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.